கட்டிலுக்கு அடியில் ஜாங்கிரி

அக்டோபர் 6, திங்கள்

காலை எட்டரை. வானத்தில் பாதி மேகம். தென்மேற்கிலிருந்து மெல்லிய காற்று.

வானிலை நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பதினேழு ஆண்டுகள் ஆகியும் இந்த வரியை எழுதாமல் எனக்கு நாள் தொடங்குவதில்லை. யாரும் கேட்கப்போவதில்லை என்பது தெரியும்.

தீபாவளிக்கு இன்னும் பதினான்கு நாள். ஜாங்கிரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். பழையவர் இடத்தில் பெனிட்டா என்று ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறார். நாயின் பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“யாரு சார் வச்ச பேரு?”

“என் மனைவி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால, தீபாவளிக்கு மறுநாள் சாக்கடை ஓரத்துல கிடந்தது. ஒரு காது வெந்துபோயிருந்தது. சுருண்டு, செம்மஞ்சளா, பிசுபிசுன்னு இருந்ததைத் தூக்கிட்டு வந்து, ‘பாருங்க, ஜாங்கிரி மாதிரியே இருக்கு’ன்னா.”

சென்ற ஆண்டு வாங்கிய மாத்திரையின் காலி அட்டையைக் காட்டினேன். இதையே எழுதிக் கொடுங்கள், நன்றாக வேலை செய்தது, நாய் அசையாமல் படுத்திருந்தது என்றேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“இது வேண்டாம் சார். இது ஒடம்பைத்தான் கட்டிப்போடும். பயத்தைக் குறைக்காது. எல்லாம் கேக்கும், எல்லாம் தெரியும், எந்திரிச்சு ஓடத்தான் முடியாது. பாக்கிறவங்களுக்கு அமைதியா இருக்கிற மாதிரி இருக்கும்.”

வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னும் பல யோசனைகள் சொன்னார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே வரியை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தெளிந்த வானம்.

டாக்டர் சொன்னவை: தெருச் சத்தம் எட்டாத உள்ளறை வேண்டும். ஜன்னலுக்குக் கனமான துணி. ஓயாமல் ஒரே மாதிரி ஒலிக்கிற ஏதாவது ஒன்று ஓட வேண்டும். இருட்டுவதற்குள் நடை, வயிறு நிறையச் சோறு, கழுத்துப் பட்டையில் என் தொலைபேசி எண். நடுங்கினால் தொட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கலாம், அதனால் பயம் கூடிவிடாது. தனியே மட்டும் விடக் கூடாது.

அறைகளைச் சோதித்தேன். வானொலியை வாசல் கேட்டின் மேல் வைத்துவிட்டு ஒவ்வோர் அறையிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டேன். முன்னறையில் செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. சமையலறையை ஒட்டிய பின்னறையில் வெறும் முணுமுணுப்பு. கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை. இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்துப் பார்க்கவில்லை என்று எழுதுவதே சரி.

அக்டோபர் 8, புதன்

கைப்பேசியில் பட்டாசுச் சத்தத்தை மிக மெல்ல ஒலிக்கவிட்டு, அதே நேரத்தில் ஜாங்கிரிக்கு அவித்த ஈரல் கொடுத்தேன். சத்தம் வந்தால் நல்லது நடக்கும் என்று அது பழக வேண்டுமாம். இதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பன்னிரண்டு நாளில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஒலி அளவு ஒன்று: காது மட்டும் அசைந்தது. இரண்டு: ஈரலைத் தின்றது. மூன்று: ஈரலைத் தின்னவில்லை, என்னைப் பார்த்தது.

நானும் மூன்றில்தான் கைப்பேசியை அணைத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பக்கத்து வீட்டு இசக்கியப்பன் வேனிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். உரத்த குரல், பெரிய மனசு. மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் கௌரவம் காட்ட வேண்டுமாம்.

“அண்ணாச்சி, பத்தாயிரம் வாலா ரெண்டு! நம்ம தெருவே கிடுகிடுத்துப் போகும் பாருங்க!”

“நல்லது, நல்லது” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைகளையும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘தம்பி, அதைத் தெருக்கோடி மைதானத்தில் வைத்துக்கொள்ள முடியுமா’ என்று கேட்டிருக்க வேண்டும். நாளை கேட்கிறேன்.

அக்டோபர் 11, சனி

கேட்கப் போனேன். அவர் “சொல்லுங்க அண்ணாச்சி” என்றதும், குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுவிட்டு வந்தேன். எங்கள் இருவர் வீட்டுக்கும் ஒரே குழாய்தான். நேரம் எனக்கே தெரியும்.

அக்டோபர் 13, திங்கள்

மாலை 4.20க்கு வடகிழக்கில் இடி. 4.50 வரை நீடித்தது. மழை சுமார் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்.

முதல் இடிக்கே ஜாங்கிரி எழுந்து ஓடியது. நான் ஏற்பாடு செய்து வைத்திருக்கும் பின்னறைக்கு அல்ல. முன்னறைக்குப் போய்த் தேக்குக் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டது. உடம்பெல்லாம் நடுக்கம், வாயில் நுரை. தூக்கி வந்து பின்னறையில் விட்டேன். திரும்ப அங்கேயே ஓடியது. மூன்று தடவை.

அது என் மனைவி ஆவுடையின் கட்டில். போன ஆண்டு ஜூன் மாதம் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போனபின் அவள் ஐந்து மாதம் அதில்தான் இருந்தாள். நவம்பர் பத்தொன்பது வரை. அத்தனை நாளும் ஜாங்கிரி அதற்கு அடியில்தான் கிடந்தது. தீபாவளி மாலை ஒன்றைத் தவிர.

அக்டோபர் 14, செவ்வாய்

பின்னறையில் ஒரு பெஞ்சைப் போட்டு, அதன் மேல் ஆவுடையின் பச்சைச் சேலையைத் தரை வரை தொங்கவிட்டேன். ஜாங்கிரி சேலையை முகர்ந்தது. சற்று நேரம் அதில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. பிறகு முன்னறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

ஆக, கட்டிலே பின்னறைக்கு வர வேண்டும். அளந்தேன். வாசலைவிட நான்கு விரற்கடை அகலம். கால்களையும் சட்டங்களையும் கழற்றினால்தான் போகும். ஒருவர் பிடிக்க, ஒருவர் கழற்ற, இன்னொருவர் இருந்தால் நல்லது. எனக்கு எழுபத்தேழு வயது. பிள்ளைகள் இல்லை. யாரையாவது கூப்பிட வேண்டும்.

அளவு குறித்த காகிதத்தை மேசை இழுப்பறையில் வைக்கப் போனபோது அதே அளவு குறித்த இன்னொரு காகிதம் அங்கே இருந்தது. என் கையெழுத்து. போன ஆண்டு ஜூலை.

அக்டோபர் 16, வியாழன்

இசக்கியப்பனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பிரதி மனு மாதிரி இருந்தது. இரண்டாவது குற்றம் சாட்டுவது மாதிரி இருந்தது. மூன்றாவதில் நாயைப் பற்றிச் சொல்லவே மறந்துவிட்டேன். கிழித்துப் போட்டேன்.

ஏனோ இன்று 1987 நினைவுக்கு வந்தது. கடலோர நிலையம் ஒன்றில் இருந்தேன். காற்றின் வேகம் காட்டும் கிண்ணங்கள் மூன்று நாளாகச் சுழலவில்லை. நானும் மூன்று நாளும் பதிவேட்டில் ‘அமைதி’ என்று எழுதினேன். நான்காம் நாள் வந்த மேலதிகாரி வெளியே போய்த் தென்னை மரங்களைப் பார்த்தார். எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் அச்சில் துரு.

“சுத்தலைன்னா காத்து இல்லைன்னு அர்த்தமாய்யா? ஏறிப் பாக்க வேண்டாமா?” என்று கேட்டார்.

ஏணியில் ஏற எனக்குப் பயம் என்று சொல்லவில்லை. தவறான பதிவை அழிக்கக் கூடாது என்பது விதி. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். மூன்று நாளுக்கும் அப்படியே செய்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கேட்கவில்லை.

அக்டோபர் 18, சனி

மாலை ஆறு மணிக்குத் தெருவில் முதல் அணுகுண்டு. மாப்பிள்ளை வந்து இறங்கிய வரவேற்பாம். ஜாங்கிரி கட்டிலுக்கு அடியில் சிறுநீர் கழித்துவிட்டது. இன்னும் ஆறேழு வெடித்தன. முன்னறையின் ஜன்னல் கண்ணாடி ஒவ்வொரு தடவையும் அதிர்ந்தது. நான் வாளியும் துணியுமாகக் கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். என் தலை மெத்தையின் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்தில் சத்தம் எப்படி இருக்கிறது என்பதை இன்றுதான் கேட்டேன்.

நாளை காலை எட்டரைக்குப் பதிவு எழுதியதும் நேராகப் போக வேண்டும். குழாயைப் பற்றிப் பேசக் கூடாது.

அக்டோபர் 19, ஞாயிறு

போனேன்.

வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்த இசக்கியப்பனின் மனைவி பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும், “வாங்க அண்ணாச்சி, ஏன் வாசல்லயே நிக்கிய?” என்றார். நான் நின்ற இடத்திலேயே, மனப்பாடம் செய்ததைப் போல, ஒரே மூச்சில் சொன்னேன். நாய் பயப்படுகிறது. கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. கட்டிலைப் பின்னறைக்கு மாற்ற வேண்டும். ஆள் இல்லை. இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். இந்த வீட்டில் நான் கேட்ட முதல் உதவி இது.

“அட, இவ்வளவுதானா? மூஞ்சியப் பாத்து நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்” என்றபடி இசக்கியப்பன் வெளியே வந்தார். “மாப்ள, இங்கன கொஞ்சம் வாங்க. ஏட்டி பேச்சி, அந்த ஸ்பேனர எடு!”

“தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைய வேலை வாங்குதாரு பாருங்க இவரு” என்றார் பேச்சியம்மாள்.

“சும்மா தின்னுட்டே இருந்தா அவருக்கும் செரிக்க வேண்டாமா?” என்றார் இசக்கியப்பன். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினான்.

இருவரும் கட்டிலைக் கழற்றி, உள்ளே கொண்டுபோய், மறுபடி பூட்டினார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம்.

சட்டத்தைத் தூக்கும்போது மாப்பிள்ளை, “மாமா, இந்த மேல்விளிம்புல நாய் பிராண்டியிருக்கு போல” என்றான். பாலிஷ் உரிந்து நான்கு கோடுகள், ஒன்றையொன்று ஒட்டியிருந்தன.

“ஆமா, நாய்தான்” என்றேன்.

கட்டில் நகர்ந்த இடத்தைப் பெருக்க வந்த பேச்சியம்மாள் சுவரோரம் குனிந்து எதையோ எடுத்து முந்தானையில் துடைத்தார். “பூசை மணி இங்கன கெடக்கு அண்ணாச்சி.”

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இசக்கியப்பன் கையைக் கழுவிக்கொண்டே, “வெடிய எல்லாம் நாளைக்கு மைதானத்துக்குக் கொண்டு போயிருதோம். நம்ம தெருவுல ஒண்ணும் கிடையாது. எதுத்த வரிசைக்கும் நான் சொல்லிருதேன். போதுமா?” என்றார். அதை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. கேட்க இருந்தேன்.

“ரொம்ப நன்றி, தம்பி.”

“நன்றி என்ன நன்றி.” அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். அவரால் குரலைத் தாழ்த்த முடியும் என்பது எனக்குத் தெரியாது. “ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதிய. போன வருசம் மைனி முன்ரூம்லதான் கெடையா கெடந்தாகன்னு இப்பந்தான தெரியுது. அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே அண்ணாச்சி. ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்திருப்போமா நாங்க? மைனி உள்பக்கம் இருக்காகன்னுல்லா நினைச்சுட்டோம்.”

அவர்கள் போனபின் விளக்குமாற்றை எடுத்து, கட்டில் இருந்த இடத்தை இன்னொரு தடவை பெருக்கினேன்.

ஜாங்கிரி பின்னறைக்குப் போய்க் கட்டிலின் நான்கு கால்களையும் முகர்ந்துவிட்டு, அடியில் நுழைந்து படுத்துக்கொண்டது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மேகமூட்டம். காற்று தெரியவில்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன்: தெருக்கோடி அரசமரத்தில் இலைகள் மெல்ல அசைகின்றன. வடகிழக்கு.

வருஷம் திரும்பாத வீடு என்பதால் எண்ணெய்க் குளியல் இல்லை, புதுத்துணி இல்லை, அடுப்பில் பலகாரம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். பத்து மணிக்குள் ஐந்து தட்டுகள் வந்துவிட்டன. கேட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஜாங்கிரி வெளியே பாய்ந்துவிடாதபடி பின்னறைக் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் போனேன். பேச்சியம்மாள் அதிரசமும் சுசியமும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்தார். “ஜாங்கிரிக்குன்னு ஒரு ஜாங்கிரி வச்சிருக்கேன். குடுக்கலாமா கூடாதான்னு டாக்டரம்மாட்ட கேட்டுக்கிடுங்க” என்றார். சிரித்தேன். சிரித்து நாளாகிவிட்டது போலிருந்தது.

மாலை 4.30: நடை. 5.15: சோறு, ஈரல். 6.00: புதிய மாத்திரை. 6.30: ஜன்னலுக்கு இரண்டு போர்வை. ஓயாத ஒலிக்கு எதைப் போடுவது என்று யோசித்து, கடைசியில் ஈர கிரைண்டரை ஓடவிட்டேன். ஆவுடை மாவாட்டும்போதெல்லாம் ஜாங்கிரி அதன் பக்கத்தில்தான் தூங்கும். வெறும் கல்லை ஓடவிட்டால் தேய்ந்துபோகும் என்று அவள் திட்டுவாள், அதனால் மதியமே அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டிருந்தேன். பதினாறு மாதத்துக்குப் பின் அது ஓடுகிறது.

ஏழு மணிக்கு ஊர் வெடிக்கத் தொடங்கியது. எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. மைதானத்திலிருந்தும் மற்றத் தெருக்களிலிருந்தும் வருவது கிரைண்டர் சத்தத்துக்கு அப்பால், மூட்டையை யாரோ தூரத்தில் தட்டுவது போலக் கேட்டது. ஜாங்கிரி நடுங்கியது. ஆனால் எழுந்து இடம் மாறியது, தண்ணீர் குடித்தது, முனகியது, என் முழங்காலில் தலையை வைத்தது. பயந்தபோது பயத்தைக் காட்ட முடிந்தது அதற்கு. நான் தரையில் உட்கார்ந்து அதன் காதைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வெந்துபோன காதை.

7.25 இருக்கும். பத்தாயிரம் வாலா மைதானத்தில் வெடித்தது. அது முடிந்தபோது நான் ஜாங்கிரியின் காதை விட்டுவிட்டு என் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருப்பது தெரிந்தது.

எட்டு மணிக்கு மேல் குறைந்தது. ஜாங்கிரி தூங்கிவிட்டது. மாவை வழித்துத் தூக்கில் எடுத்து வைத்தேன். நன்றாக அரைந்திருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

விடிந்ததும் மாவைப் பேச்சியம்மாளுக்குக் கொடுத்தேன். அவர்கள் தட்டை வெறுமனே திருப்பாமல் இருக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. “நீங்களா ஆட்டுனிய?” என்று விரலால் எடுத்துப் பார்த்தார். “அக்கா கைப்பக்குவம் மாதிரியே இருக்கு.”

பிறகு அலமாரியிலிருந்து போன ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். இந்த இரண்டு வாரத்தில் நான்கு தடவை எடுத்துத் திறக்காமல் வைத்திருக்கிறேன். அக்டோபர் 31. அப்படியே இங்கே பெயர்த்து எழுதுகிறேன்:

‘தீபாவளி. உதவிக்கு வரும் பெண் விடுப்பு. மாலை 6க்கு ஜாங்கிரிக்கு மாத்திரை. தூங்கிவிட்டது. 7 முதல் 8 வரை தெருவில் கடும் வெடி. நாய்க்குத் துணையாகப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். முன்னறையில் ஆவுடையின் இடக்கையருகே மணி வைத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. 8.10க்குப் போய்ப் பார்த்தேன். ஆவுடை: அமைதி. இடக் கண்ணில் நீர், புகையாக இருக்கலாம், துடைத்துவிட்டேன். மோதிர விரல் நகம் உடைந்திருந்தது, வெட்டிச் சமன் செய்தேன். மணியைக் காணவில்லை. தேட வேண்டும்.’

தேடவில்லை. மறுநாள் மணிக்குப் பதிலாகத் தட்டிக் கூப்பிட ஒரு தம்ளரும் கரண்டியும் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. கடைசி வரை தொடவில்லை.

நாய்க்குத் துணையாக என்று எழுதியிருக்கிறேன். நாய் தூங்கிக்கொண்டிருந்தது என்பது அதற்கு இரண்டு வாக்கியம் முன்னால் அதே கையெழுத்தில் இருக்கிறது.

கட்டில் சட்டத்தை அளவுநாடாவால் அளந்தேன். நான்கு கோடுகளும் இடப்பக்கச் சட்டத்தின் மேல்விளிம்பில், தலைமாட்டிலிருந்து மூன்றடியில் இருக்கின்றன. முன்னறையில் அந்தப் பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. இடைவெளி இரண்டு விரற்கடை. ஒரு மணி விழும். ஒரு கை பாதி நுழையும். நாய் நுழையாது.

விதிப்படி ‘அமைதி’ என்ற சொல்லின் மீது ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே இருப்பது தெரியும்படி. அதற்கு மேலே எழுதினேன்: ‘கூப்பிட்டாள்.’ சுருக்கொப்பம். இன்றைய தேதி.

எங்கோ மிச்சமிருந்த ஒரு வெடியை யாரோ வெடித்தார்கள். ஜாங்கிரி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தடவை குரைத்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.